கோழி என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்

புத்தளம் மாவட்டத்திலே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல். மேலைக் கரையோரத்து ஊர்களுள் ஒன்று ஆலங்குடா. ஆலும் குடாவும் இணைந்த அதன் பெயரே தமிழ் அக்கரையில் நெடுங்காலம் வழங்கியமைக்குச் சான்றாகும். மீன்பிடியும் மணற்றோட்டப் பயிரும் கொண்ட அப்பகுதியிலே தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து ஒலிக்கும். 1990ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் இக்குடாநாட்டில் வந்து குடியேறியபின், மன்னார், யாழ்ப்பாணப் பேச்சுகளும் புத்தளப் பேச்சும் ஒரே வேலியின் இருபுறமும் கேட்கும் நிலை உண்டாயிற்று. அத்தகைய ஊர் ஒன்றின் முற்றத்தில் நின்று செவிகொடுப்பார்க்குக் 'கோழி' என்னும் சிறு சொல் காட்டும் வித்தை வியப்பளிக்கும்.

'கோழி அடைகிடக்கிறது' என்றால் அது பெட்டை. 'கோழி கூவிவிட்டது, எழும்பு' என்றால் அது சேவல். 'விருந்தாளி வந்தார், கோழி அடித்தோம்' என்றால் ஆணோ பெண்ணோ என எவரும் வினாவார். 'அவர்கள் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள்' என்றாலோ சேவல், பெட்டை, குஞ்சு யாவும் அடங்கிய ஒரு கூட்டம். ஒரே சொல் நான்கு பொருள் தந்தும் கேட்பார் ஒருவரும் மயங்குவதில்லை. கூவுதலும் அடைகிடத்தலும் ஆகிய வினைகளே பாலைக் காட்டிவிடுகின்றன. இது ஆலங்குடாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வழங்கும் இடமெல்லாம் இவ்வாறே.

மயக்கம் தோன்றும் இடம் முற்றமன்று, வகுப்பறை. ஆண்பாற் பெயர்க்கு எதிரே பெண்பாற் பெயர் எழுதுக என்னும் பயிற்சியிலே 'சேவல்' என்பதற்கு எதிரே 'கோழி' என மாணவர் எழுதுவதும், ஆசிரியர் அதனைச் சரியெனக் கொள்வதும் பலவிடத்தும் நிகழ்வன. 'பேடு' என எழுதுவாரும் உளர். முன்னையது வழுவெனக் கூறின், 'பேச்சிலே அவ்வாறுதானே வழங்குகிறோம்' என மாணவர் கேட்பர். அக்கேள்வி நேர்மையானது. கோழி என்பது பெண்பாற் பெயரா, இனப்பெயரா? இது வெறும் பயிற்சிப் புத்தக வினாவன்று. இதற்கு விடை காணாது பழைய பாட்டையும் பழைய கல்லெழுத்தையும் படிப்பார் அவற்றின் பொருளைப் பிழைபட உணர்தல் திண்ணம்.

சான்றோர் செய்யுளை முதலில் நோக்குவோம். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாட்டு, மாலைவேளையில் வேலியருகே காட்டுப்பூனை வரக்கண்டு வெருவி, தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் ஒரு தாய்ப்பறவையைக் காட்டுகிறது. அப்பறவையைப் புலவர் கோழி என்று சொல்லி விட்டுவிடவில்லை. கோழியின் பேடை என்கிறார். அதே தொகையில் 242ஆம் பாட்டிலே குழற்றத்தனார் முல்லைநிலத்துக் கானங்கோழியைப் பாடும்போது, கழுத்தில் மழைத்துளி விழ நிற்கும் அப்பறவையைக் கோழியின் சேவல் என்கிறார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் உண்மை விளங்கும். கோழி என்பது இனத்தின் பெயர். பேடையும் சேவலும் அவ்வினத்துட் பால் பிரிக்கும் பெயர்கள். மாசாத்தியார் வீட்டுக்கோழியையும் குழற்றத்தனார் காட்டுக்கோழியையும் பாடினாரேனும் இருவரும் சொல்லை ஆளும் முறை ஒன்றே.

பாற்பெயர் சேர்க்காது கோழி என்று வாளா கூறுமிடத்தும் அது பெட்டையைக் குறிக்க வேண்டுவதில்லை. அள்ளூர் நன்முல்லையார் பாடிய 157ஆம் பாட்டிலே விடியலைக் கூவி அறிவித்துத் தலைவியின் நெஞ்சைத் திடுக்கிடச் செய்வது கோழி. கூவுவது சேவலாகவும் புலவர் அதனைக் கோழி என்றே சுட்டினார். 305ஆம் பாட்டு இன்னும் சுவையானது. குப்பைமேட்டிலே தாமே பொருது கொள்ளும் இரு கோழிகள். ஏவிவிடுவாரும் இல்லை, விலக்கிவிடுவாரும் இல்லை. தலைவியின் காமநோயும் அவ்வாறு தானே முற்றித் தானே தீரவேண்டியது என்பது உவமை. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அவ்வுவமையே பெயராகிக் குப்பைக்கோழியார் என அவர் நின்றுவிட்டார். பொருவன சேவல்களே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏவிவிடுவார் இல்லை என்று புலவர் எடுத்துக் கூறுவதனால், ஏவிவிட்டுப் பார்க்கும் கோழிப்போர் அக்காலத்து ஊர்களில் இருந்தது என்பதும் உய்த்துணரப்படும்.

பட்டினப்பாலையில் வரும் கோழியை இங்கே மறத்தல் ஆகாது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உலர வைத்த உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் காதிலிருந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் முச்சக்கரச் சிறுதேரைத் தடுத்து நிற்கிறது. சோழநாட்டுச் செல்வத்தைக் கூறவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதற்கு ஒரு கோழியைக் கருவியாக்கினார். கடற்கரை ஊர்களில் இன்றும் பாயில் உலரும் பண்டத்துக்கும் கோழிக்கும் தீராப் பகை உண்டு. எறிவது மட்டும் பொற்குழையன்று. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் பாணர்க்கு அளிக்கும் உணவைக் கூறுமிடத்து, பெட்டைக்கோழியின் வறுத்த இறைச்சியைக் குறிக்க 'அளகு' என்னும் தனிச்சொல்லை ஆளுகிறார். ஒரே புலவர் பால் வேண்டாவிடத்துக் கோழி என்றும், பெட்டை எனக் குறிக்க வேண்டியவிடத்து அளகு என்றும் பாடியிருத்தல் நோக்கற்பாலது.

தமிழோடு உடன்பிறந்த மொழிகளும் இதனையே உறுதிசெய்கின்றன. மலையாளத்தில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கிற் கோடி, துளுவிற் கோரி, கோண்டியிற் கோர் என இச்சொல் பரந்து கிடக்கிறது. மலையாளத்தார் சேவலைப் பூவன்கோழி என்றும் பெட்டையைப் பிடக்கோழி என்றும் அடைகொடுத்தே வழங்குவர். தெலுங்கர் கோடிபுஞ்சு, கோடிபெட்ட என்பர். கன்னடத்தார்க்கு ஆண் ஹுஞ்ச, பெண் ஹேண்டெ. இரண்டுக்கும் பொது கோளி. கோதாவரிக் கரையிலே பொங்கற்காலத்திற் சேவல்களைப் பொரவிடும் பந்தயத்துக்குக் கோடிப்பந்தெம் என்று பெயர். துளுநாட்டார் அதனையே கோரிக்கட்ட என்பர். பெட்டைகளைப் பொரவிடுவார் எங்கும் இல்லை. ஆகவே மூலமொழியிற் பிறந்த நாள்தொட்டே இது பால் பகாப் பெயர் என்று துணியலாம். சிங்களம் வேறு வழியிற் சென்றது. வடமொழிக் குக்குடத்தோடு தொடர்புடைய 'குகுளா' அங்கே சேவலின் பெயர், பெட்டை 'கிகிலி'. இறைச்சிக்கு வழங்கும் 'குகுல் மஸ்' என்னும் தொடரோ சேவலின் பெயரினடியாகவே பிறந்தது. கற்பிட்டிச் சந்தையில் ஒரே பறவையை வாங்கவரும் இருவருள் ஒருவர் சேவலின் பெயரால் இறைச்சி கேட்க, மற்றவர் பால் சுட்டாத பெயராற் கேட்கிறார்.

பழமொழிகளும் கைகொடுக்கும். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்பதிற் கோழி தாய். ஆனால் 'பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா' என்னும் பழமொழியைப் பாருங்கள். பெண்ணை இகழ எழுந்த அப்பழமொழியின் கருத்து இக்காலத்துக்கு ஏலாது, அது வேறு. சொல்லமைதியே இங்கு வேண்டுவது. கோழி என்பதே பெட்டையானால் அதன்முன் பெட்டை என்னும் அடை எதற்கு? கூவுதல் என்னும் வினை கோழியைச் சேவலாக்கிவிடும் என அஞ்சியன்றோ அடை வந்தது! கோழிக்கொண்டை என்னும் பூவின் பெயரிற் கோழி சேவலாகவும், கோழிமுட்டை என்பதிற் பெட்டையாகவும் நிற்பதும் இவ்வாறே.

இனி, நூல்வழக்கை விட்டுக் கல்லெழுத்துக்கு வருவோம். தமிழர் போரில் மாண்ட வீரர்க்குக் கல் நட்டு வழிபட்டமை யாவரும் அறிந்தது. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் துறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துக் கூறும். அத்தகைய நடுகல் பறவைக்கும் எடுக்கப்பட்டது என்பது பலர் அறியாதது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திற் கிடைத்த நடுகல் ஒன்றிலே வீரனுக்குரிய இடத்திற் போருக்கு எழுந்து நிற்கும் சேவலின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே வட்டெழுத்தில் அமைந்த சிறு கல்வெட்டு, முகையூரைச் சேர்ந்த மேற்சேரியின் சார்பிற் பொருத கோழி அது என்று கூறுகிறது. எழுத்தமைதி கொண்டு ஏறத்தாழக் கி. பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டினது என அறிஞர் மதிப்பர். செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த இந்தளூரிலும் அதுபோன்ற ஒரு கல் உண்டு. அங்கே மாண்ட பறவை கீழ்ச்சேரியின் கோழி. அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். பொற்கொற்றி என்பது அப்பெயர்.

இக்கற்களை நின்று நோக்குதல் தகும். அரசனும் படைத்தலைவனும் அல்லாத, ஊர்ப்புறச் சேரிமக்கள் தம் சேரியின் பெயரைத் தாங்கிப் பொருது மாண்ட ஒரு பறவையை மறவாது கல் நட்டனர். கல் வெட்டுவார்க்குக் கூலி கொடுத்திருப்பர், எழுத்தறிந்தாரைத் தேடியிருப்பர். அந்நூற்றாண்டுகளின் தமிழக வரலாற்றை வேந்தர் பெயரால் எழுதப் புகுந்தார்க்குச் சான்று அரிது. ஆனால் ஒரு சேரிக்கோழியின் பெயர் கல்லில் நிலைத்துவிட்டது. அக்கல்லெழுத்துகள் சேவல் என்னாது கோழி என்றே பொறித்திருத்தலும் கருதற்பாலது. இற்றை வகுப்பறை வழக்கைக் கொண்டு அவற்றைப் படிப்பவர், பொற்கொற்றி என்னும் பெயரின் இகரவிறுதியையும் சேர்த்து நோக்கி, பெட்டைக்கோழி ஒன்று போர்புரிந்து மாண்டதெனக் கொள்ளவும் கூடும். பிற்காலத்தில் ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபிலே இப்போர்க்கு இலக்கணம் வகுத்தபோதும் அதற்குக் கோழிவென்றி என்றே பெயரிட்டார். சேரிமக்கள் கல்லில் வெட்டியதும் இலக்கண நூலார் ஏட்டில் எழுதியதும் ஒன்றாயின.

பறவைக்குப் பெயராகிய சொல் ஒரு தலைநகருக்கும் பெயராயிற்று. சோழரின் பழைய தலைநகராகிய உறையூர்க்கு உறந்தை என்பதைப் போலக் கோழி என்பதும் பெயர். கோப்பெருஞ்சோழனுக்கு நேரிற் காணா நண்பராகிய பிசிராந்தையார், தம் வேந்தன் யாரென வினாவுவார்க்குப் புறநானூற்று 212ஆம் பாட்டில் விடையிறுக்கையில் அச்சோழன் கோழியில் உறைபவன் என்கிறார். அவரே 67ஆம் பாட்டிலே, குமரித்துறையில் அயிரைமீன் மேய்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலை விளித்து, வழியிற் கோழியின் உயர்ந்த மாடத்தில் தங்கித் தம் பெயர் கூறிப் பரிசு பெறுமாறு சொல்லியனுப்புகிறார். இவ்வொரு பாட்டில் நமது ஆராய்ச்சிக்கு வேண்டும் இரண்டும் உள. சேவல் என்பது அங்கே அன்னத்தின் ஆணைக் குறிக்கிறது. கோழி என்பது ஊர். நம் வீட்டு முற்றத்துப் பறவை அப்பாட்டில் எங்குமே இல்லை!

உறையூர் கோழியானது எவ்வாறு என்பதற்குக் கதை உண்டு. யானை ஒன்றைக் கோழி ஒன்று எதிர்த்துப் பொருது வென்ற இடம் அது. அந்நிலத்தின் வலிமை கண்டு ஆங்கே நகர் அமைத்தனர் என்பர் உரைகாரர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையின் முடிவிலே இளங்கோவடிகள் அக்கதையை ஒரு சொல்விளையாட்டாக அமைத்துள்ளார். வாரணம் என்பது யானைக்கும் பெயர், கோழிக்கும் பெயர். முறம்போன்ற செவியுடைய வாரணத்தைச் சிறகுடைய வாரணம் வென்றதென அவர் நயம்படக் கூறுவார். உறையூர்ப் பஞ்சவர்ணேசுவரர் கோயிலில் யானையைக் கோழி எதிர்க்கும் சிற்பத்தை இன்றும் காணலாம். அங்குள்ள திருமால் தலம் வைணவர்க்குத் திருக்கோழி.

கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. வேட்டைநாய்களை முயல் எதிர்த்த இடத்தில் விசயநகரம் எழுந்தது என்பர். கண்டிமாநகர் பற்றியும் முயல் நரியைத் துரத்திய கதை வழங்குகிறது. எளியது வலியதை வென்ற நிலத்திலே தலைநகர் அமைத்தோம் எனக் கூறிக்கொள்ளுதல் அரசமரபுகள் பலவற்றுக்கும் பொதுவான ஆசை. எனினும் கதை பிறக்குமுன் பெயர் இருந்திருத்தல் வேண்டும். பெயருக்குக் காரணம் தேடியே கதை எழுந்தது என்பது பொருத்தமாகும். மலையாளக் கரையிற் கோழிக்கோடு என்னும் நகர்க்கும் இவ்வாறு ஒரு கதை. தளிக்கோயிலில் நின்று கூவும் கோழியின் குரல் கேட்கும் எல்லையளவு நிலத்தைச் சேரமான் பெருமாள் அளித்தான் என்பது அது. கோயிற்கோட்டை என்பதன் திரிபே அப்பெயர் என்பாரும் உளர். நிலத்தைக் கூப்பிடுதூரத்தால் அளந்த காலத்திற் கோழியின் குரலும் ஓர் அளவுகோலாக மக்கள் மனத்தில் நின்றது என்பதளவே அக்கதையாற் பெறப்படும்.

முருகன் கொடியிலுள்ள பறவையையும் ஒரு சொல்லாற் குறிப்பிட்டுச் செல்லலாம். குறுந்தொகைக் கடவுள் வாழ்த்து அதனைச் சேவல் என்றும், திருமுருகாற்றுப்படை ஓரிடத்திற் கோழி என்றும் மற்றோரிடத்தில் வாரணம் என்றும் கூறும். ஒரே கொடிக்கு மூன்று பெயர். பின்னர் வந்த வழிபாட்டு மரபிற் சேவற்கொடி என்பதே நிலைத்தது.

இவ்வாறு நிலைத்தமைக்குக் காரணம் யாது? இங்கேதான் சேவல் என்னும் சொல்லின் வரலாறு தேவையாகிறது. தொல்காப்பிய மரபியல் சேவல் என்பதைக் கோழிக்கு உரிமையாக்கவில்லை. சிறகுடைய பறவை எல்லாவற்றின் ஆணுக்கும் அப்பெயர் பொருந்தும் என்கிறது. மயில் ஒன்றையே விலக்குகிறது. அன்னச்சேவல், புறாச்சேவல், குருகுச்சேவல் எனப் பண்டையோர் தயங்காது கூறினர். பெண்பாற் பெயராகிய பெட்டையோ ஒட்டகம், குதிரை, கழுதை, மரை என்பவற்றுக்கு முதலில் உரியதாகக் கூறப்பட்டு, பறவைக்கும் உரித்தென நீட்டப்பட்டது. அளகு என்பது மட்டுமே நெருங்கிய எல்லையுடையது: கோழிக்கும் கூகைக்கும் உரியது, மயிலுக்கும் வழங்கலாம். இளமைப் பெயர் பார்ப்பு, பிள்ளை என்பன. குஞ்சு என்று மரபியல் கூறவில்லை. பிள்ளை இன்று கிளியோடும் அணிலோடும் தென்னையோடும் ஒட்டி வாழ்கிறது. கோழிப்பிள்ளை என்பார் ஒருவரும் இல்லை.

இன்று அளகு ஏட்டில் மட்டும் உண்டு. சேவலோ பறவைக்குலம் முழுதையும் இழந்து ஒரு பறவையின் ஆணாகச் சுருங்கிவிட்டது. புறாச்சேவல் என்று இன்று கூறினாற் கேட்பவர் நகைப்பர். காரணம் அறிதல் அரிதன்று. மற்றைப் பறவைகளின் ஆண், பெண் வேறுபாடு குடியானவனுக்குப் பயன்படுவதில்லை. கோழியின் வேறுபாடோ நாள்தோறும் வேண்டுவது. ஒன்று முட்டை இடும், மற்றது விடியலைக் கூறும். ஒன்றை வளர்ப்பர், மற்றதை நேர்த்திக்கடனுக்கும் விருந்துக்கும் விடுவர். ஆகவே பறவைக்கெல்லாம் பொதுவாயிருந்த சேவல் கோழிவீட்டிற் சென்று தங்கிவிட்டது. அது தங்கியபின், ஆணுக்குத் தனிப்பெயர் இருத்தலின் எஞ்சிய பொதுப்பெயர் தானே பெண்பக்கம் சாய்ந்தது. சேவலைச் 'சாவல்' என வழங்கும் ஈழத்துப் பேச்சிலும் இதுவே நிலை. மாணவர் 'சேவல், கோழி' எனச் சோடி சேர்ப்பதன் பின்னணி இதுதான். அது அவர் கற்பனையன்று, பேச்சுவழக்கின் சாய்வு. ஆயினும் சாய்வேயன்றி மாற்றமன்று. கூவும் கோழி இன்னும் கோழியாகவே இருத்தலின், இனப்பெயர் என்னும் பழைய உரிமை அழிந்துவிடவில்லை. இலக்கணப் பயிற்சியிற் சேவலுக்கு எதிரே பேடு அல்லது பெட்டை என எழுதுவதே முறை.

ஆங்கிலத்திலும் இத்தகைய சுருக்கம் நிகழ்ந்திருக்கிறது. இன்று வளர்ப்புக்கோழியைக் குறிக்கும் 'பவுல்' என்னும் சொல் ஒருகாலத்தில் எல்லாப் பறவைக்கும் பெயர். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலே ஆகாயத்துப் பறவைகளெல்லாம் அப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. அதன் உறவாகிய செருமானியச் சொல் இன்றும் பறவை என்றே பொருள்படும். வானிற் பறந்த பெயர் அங்கும் கூட்டுக்குள் வந்து அடைந்தது.

கோழி என்னும் சொல்லின் வேர் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். கொழித்தல் என்பதன் முதல் நீண்டு கோழியாயிற்று, காலால் மண்ணைக் கிளறிக் கொழிப்பதாற் பெற்ற பெயர் என்பர் சிலர். குப்பையைக் கிளறும் கோழியைக் கண்டார்க்கு அது இனிக்கும். ஆனால் இனிமை சான்றாகாது. இனமொழிகளிலும் கிளறுதற்பொருள் காட்டினாலன்றி அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. பறவையின் பிறப்போ இப்போது தெளிவாகியுள்ளது. வளர்ப்புக்கோழி தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழியின் வழிவந்தது. சிந்துவெளியே கோழி வளர்ப்பின் தொட்டில் என முன்னர்க் கருதினர். 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஐயமற வளர்ப்புக்கோழி எனத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்தன எனவும், கி. மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டன எனவும் கூறியது. தென்னிந்தியக் காடுகளில் வாழ்வது சாம்பற்காட்டுக்கோழி. வில்பத்து முதலிய இலங்கைக் காடுகளில் வாழ்வது இலங்கைக்கே உரிய வேறினம். ஆகவே வளர்ப்புக்கோழி வந்தடையுமுன்னரே தமிழர் தம் காட்டிற் கோழியைக் கண்டிருந்தனர். பழம்பெயரைப் புதுவரவுக்கு இட்டனர் எனல் பொருந்தும். வந்த பறவையும் தனித்து நிற்கவில்லை. வளர்ப்புக்கோழியின் மஞ்சட் காற்றோலுக்குக் காரணமான மரபுக்கூறு சாம்பற்காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என 2008ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டனர். கானங்கோழியின் குருதி குப்பைக்கோழியிலும் ஓடுகிறது! கானங்கோழி என்னும் பெயர்தான் இடம் மாறிற்று; இக்காலப் பறவை நூல்களிற் கானாங்கோழி என்பது சதுப்பு நிலத்து வெண்மார்புப் பறவை ஒன்றன் பெயர்.

பழம்பெயரைப் புதுவரவுக்கு இடும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து வந்தது கினிக்கோழி. 1492க்குப் பின் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய பெரும்பறவை வான்கோழி. ஆயின் வாத்தும் புறாவும் எத்தனை நூற்றாண்டு மனையில் வாழ்ந்தும் கோழிப்பெயர் பெறவில்லை. மனையில் வாழ்தலன்று, நிலத்தில் நடந்து கிளறி மேயும் உருவமே தமிழர் கொண்ட இலக்கணம் என்பது இதனால் விளங்கும். வளர்ப்புப் பறவைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சொல் வேண்டிய இக்காலத்தவர் 'கோழியினம்' என ஆக்கிக்கொண்டனர்.

வான்கோழியின் பெயர் இலங்கையில் ஒரு வேடிக்கை செய்தது. ஒல்லாந்தர் அப்பறவை கள்ளிக்கோட்டையிலிருந்து வந்ததெனக் கருதி அந்நகர்ப்பெயராற் 'கல்கூன்' என்றனர். கள்ளிக்கோட்டை என்பது கோழிக்கோடே. கற்பிட்டியிற் கோட்டை கட்டி இலங்கைக் கரையை ஆண்ட அவர்களிடமிருந்து சிங்களம் அதனைக் 'களுகுமா' எனக் கடன்கொண்டது. அமெரிக்கப் பறவைக்கு, மலையாள நகர்ப்பெயர், ஒல்லாந்தர் வாய்வழியாகச் சிங்களத்தில்! ஆலங்குடாவிலே தமிழர் வான்கோழி என்க, அயலார் களுகுமா என்பர். இரண்டிலும் ஒரு கோழி ஒளிந்திருப்பதை இருவரும் அறியார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பண்ணைக்கோழி வந்தது. குருநாகல், புத்தளம் மாவட்டங்கள் இலங்கையிற் கோழிப்பண்ணை மிகுந்த இடங்களுட் சேர்ந்தன. இறைச்சிக்கு வளர்ப்பது 'புறொயிலர்', முட்டைக்கு வளர்ப்பது 'லேயர்'. சில வாரங்களிலேயே இறைச்சியாகிவிடும் முன்னையதிற் சேவலும் பேடும் எவையென்று வாங்குவோர் பார்ப்பதில்லை. அடைகிடத்தலை மறந்தது பின்னையது. அடை, பேடு, சாவல் என்னும் சொற்களுக்குப் பண்ணையில் வேலை குறைவு. அதுவரை அடையின்றிக் கோழி எனப்பட்ட முற்றத்துப் பறவைக்கோ ஓர் அடை தேவையாயிற்று. தமிழ்நாட்டார் அதனை நாட்டுக்கோழி என்றனர். இலங்கைத் தமிழர் ஊர்க்கோழி என்கின்றனர். விலையிலும் ஊர்க்கோழியே உயர்ந்தது.